எல்லைக்கோட்டில் ஒரு தற்காப்பு வீரர்



கோல் அடித்தவர்களின் பெயர்களை நம் மாணவர்கள் ஒரே மூச்சில் ஒப்புவிப்பர். கோல் விழாமல் காத்தவர்களின் பெயர்களோ அவர்கள் நினைவில் தங்குவதில்லை. அத்தகையோருள் ஒருவர் ருமேனிய நாட்டின் மியோட்ராக் பெலோடெடிச். அவரது வரலாறு காற்பந்துத் திடலோடு முடிந்துவிடும் ஒன்றன்று.

1964-ஆம் ஆண்டு, டானூப் நதிக்கரையில், யுகோஸ்லாவிய எல்லையை ஒட்டிய சொக்கோல் என்னும் சிற்றூரில் அவர் பிறந்தார். குடியுரிமையால் ருமேனியர், இனத்தாலும் வீட்டுமொழியாலும் செர்பியர். 1982-இல் தலைநகரின் ஸ்தியாவா புக்காரெஸ்ட் கழகத்தில் இணைந்தார். அது ராணுவத்தின் கழகம். தற்காப்பு அரணின் கடைசி ஆளாக நின்று, எதிரணியின் எண்ணத்தை முன்கூட்டியே உணர்ந்து, பதற்றமின்றிப் பந்தைக் கவர்வது அவரது பாணி. அந்த நளினத்தைக் கண்ட இரசிகர்கள் அவரை 'மான்' என்று அழைத்தனர்.

1986 மே 7-ஆம் நாள், ஸ்பெயினின் செவில் நகரில் ஐரோப்பியக் கிண்ண இறுதியாட்டம். எதிரில் நின்றது பார்சிலோனா. 120 நிமிடங்கள் ஆடியும் கோல் இல்லை. பினால்டியில் ஸ்தியாவாவின் கோல் காவலர் ஹெல்முத் டுக்கடாம் நான்கு உதைகளையும் தடுக்க, 2-0 என வெற்றி கிட்டியது. கிழக்கு ஐரோப்பாவிலிருந்து அக்கிண்ணத்தை வென்ற முதல் கழகம் ஸ்தியாவாவே. டுக்கடாமின் கைகளை உலகம் போற்றியது. பார்சிலோனாவை 120 நிமிடம் கோலின்றி நிறுத்திய தற்காப்பு அரணைச் சிலரே எண்ணிப் பார்த்தனர்.

அப்போது ருமேனியா சௌசெஸ்குவின் கொடுங்கோலாட்சியின் கீழ் இருந்தது. 1988 இறுதியில் பெலோடெடிச் எல்லை கடந்து யுகோஸ்லாவியாவில் தஞ்சம் புகுந்தார். ருமேனிய அரசு அவரைத் துரோகி என்றது. அவர் இல்லாமலேயே வழக்கு நடத்திப் பத்தாண்டுச் சிறைத்தண்டனை விதித்தது. காற்பந்து நிர்வாகமும் ஓராண்டுத் தடை விதித்தது. 1989-இல் மீண்டும் இறுதியாட்டத்தை எட்டிய ஸ்தியாவா, மிலான் கழகத்திடம் 0-4 எனத் தோற்றபோது அவர் திடலில் இல்லை.

அவ்வாண்டு டிசம்பரில் சௌசெஸ்குவின் ஆட்சி கவிழ்ந்தது. 1991 மே 29-இல், இத்தாலியின் பாரி நகரில், ரெட் ஸ்டார் பெல்கிரேட் கழகத்துக்காகப் பெலோடெடிச் மற்றோர் ஐரோப்பிய இறுதியாட்டத்தில் களமிறங்கினார். எதிரணி பிரான்சின் மார்செய். மீண்டும் கோலற்ற ஆட்டம், மீண்டும் பினால்டி. இம்முறை அவரும் உதைத்தார். பந்து வலைக்குள் சென்றது. 5-3 என வெற்றி. இரு வேறு கழகங்களுக்காக இறுதியாட்டத்தில் ஆடி இக்கிண்ணத்தை வென்ற முதல் வீரர் அவரே.

அடைக்கலம் தந்த யுகோஸ்லாவியாவே சில வாரங்களில் போரில் சிதறத் தொடங்கியது. 1992-இல் அவர் ஸ்பெயினின் வலென்சியா கழகத்துக்குச் சென்றார். துரோகி என்று தீர்ப்பளித்த நாடு, அதே ஆண்டில் அவரைத் தேசியக் குழுவுக்குத் திரும்ப அழைத்தது. 1994 உலகக் கிண்ணக் காலிறுதியில், சுவீடனுக்கு எதிரான பினால்டியில் அவரது கடைசி உதை தடுக்கப்பட்டு ருமேனியா வெளியேறியது. ஆயினும் அவர் ஒதுக்கப்படவில்லை. 36 வயதில் 2000-ஆம் ஆண்டு ஐரோப்பியக் கிண்ணத்திலும் நாட்டுக்காக ஆடினார். தாம் விட்டுச்சென்ற ஸ்தியாவாவுக்கே 1998-இல் திரும்பி, அங்கேயே 2001-இல் ஓய்வு பெற்றார்.

வரலாற்றுப் பாடத்தில் 'நாட்டுப்பற்று', 'துரோகம்' என்னும் சொற்களைக் கற்பிக்கிறோம். அச்சொற்களை உச்சரிப்பது யார், எந்த அதிகாரத்தில் நின்று உச்சரிக்கிறார் என்பதையும் சேர்த்துக் கேட்க மாணவர்களைப் பழக்க வேண்டாமா? பத்தாண்டுத் தண்டனை விதித்த ஆட்சி, ஓராண்டுகூட நிலைக்கவில்லை. தண்டிக்கப்பட்டவரோ அதன்பின் பல ஆண்டுகள் அதே நாட்டின் சீருடையை அணிந்து நின்றார்.