ரெண்டு யூனிட் மண்

ஆர்.எஸ்.புரத்தில் ஒரு அபார்ட்மென்ட்டுக்கு அஸ்திவாரம் தோண்டினாலே, 'இந்த மண்ணை எங்கேங்க கொட்டறது?' என்று மேஸ்திரி தலையைச் சொறிவார். ராத்திரியோடு ராத்திரியாக ஏதாவது குளக்கரையில் கவிழ்த்துவிட்டு வருகிற டிப்பர்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். நெய்வேலியில் இதே தலைவலி எந்த அளவில் என்று கணக்குப் போடுங்கள். ஒரு டன் பழுப்பு நிலக்கரி எடுக்க, சுமார் ஐந்தரை கன மீட்டர் மண்ணை அப்புறப்படுத்த வேண்டும். நம்ம லாரிக்காரர் பாஷையில், கிட்டத்தட்ட ரெண்டு யூனிட். ஒரு டன்னுக்கு! அங்கே வருடத்துக்குக் கோடிக் கணக்கான டன் வெட்டுகிறார்கள்.

கதை ஒரு கிணற்றில் ஆரம்பிக்கிறது. 1930-களின் மத்தியில் ஜம்புலிங்க முதலியார் தன் நிலத்தில் தண்ணீருக்காகத் துளை போட, நீரோடு கறுப்பாக ஏதோ வந்தது. ஆராய்ச்சி, சோதனைத் துளை என்று இருபது வருஷம் ஓடியது. 1956 நவம்பர் 14-ல், அதாவது நேருவின் பிறந்தநாளில், நெய்வேலி நிறுவனம் பதிவாயிற்று. 1957 மே 20-ல் நேருவே வந்து சுரங்க வேலையைத் தொடங்கி வைத்தார். ஆனால் கரி கண்ணில் பட்டது 1961 ஆகஸ்டில்தான். நாலு வருஷமும் வெறும் மண்தான் தோண்டினார்கள் சார். கரிக்கு அடியில் பெரும் அழுத்தத்தோடு நிற்கும் ஊற்று நீர் சுரங்கத்தைப் பிளந்துகொண்டு வந்துவிடாமல், ராப்பகலாக பம்ப் ஓட வேண்டும். அது தனிக்கதை.

வெட்டிய மண் மலையாகக் குவிந்தது. அதன் மேல் மரம் நட்டால் போச்சு என்று தோன்றும். அங்கேதான் சிக்கல். தோண்டும்போது மேல் மண் கீழே போகிறது. வெளிச்சமே பார்க்காமல் கிடந்த அடி மண் உச்சிக்கு வருகிறது. அதில் மக்கு கிடையாது, தழைச்சத்து கிடையாது, மண்புழு கிடையாது. மழை பெய்தால் கரைந்து ஓடும், வெயில் அடித்தால் இறுகும். முதலில் சரிவைப் படிப்படியாக வெட்டி, மழைநீர் இறங்க வடிகால் போட்டு, புல்லைப் பிடிக்கவைக்க வேண்டும். அப்புறம்தான் மரம். சுரங்கம் மூடிய இடத்தில் விவசாயம் செய்து பார்க்க, நெய்வேலிக்காரர்களோடு கைகோத்தது யார் தெரியுமா? நம்ம லாலி ரோட்டுக்குப் பக்கத்தில் இருக்கிற வேளாண் பல்கலைக்கழகம். தொழு உரம், பசுந்தாள் உரம் என்று செத்த மண்ணுக்கு உயிர் கொடுக்கும் வேலை. பயிர், மாடு, மீன் எல்லாம் சேர்ந்த பண்ணையாகவும் முயன்றார்கள். பாட்டன் காலத்து வைத்தியம்தான், ஆனால் பலன் தெரிய வருஷக்கணக்கில் பொறுமை வேண்டும்.

சரிவு, வடிகால் என்று ஏன் இவ்வளவு பயம்? வேல்ஸில் அபெர்ஃபான் என்ற சின்ன ஊர். ஊருக்கு மேலே நிலக்கரிக் கழிவு மேடுகள். ஏழாவது மேட்டைக் கொட்டியது ஒரு நீரூற்றின் மேல். ஊர்க்காரர்கள் எச்சரித்தார்கள், யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. 1966 அக்டோபர் 21 காலை, மேடு குழம்பாகி இறங்கி ஆரம்பப் பள்ளியை மூடியது. 144 பேர் செத்தார்கள். அதில் 116 பேர் குழந்தைகள். இதைவிடக் கேவலம் அப்புறம் நடந்தது. மிச்ச மேடுகளை அகற்றும் செலவுக்கு, உலகம் அனுப்பிய நிவாரண நிதியிலிருந்தே 1,50,000 பவுண்ட் பிடுங்கினார்கள். காமர்ஸ் படித்தவன் என்ற முறையில் சொல்கிறேன், இப்படி ஒரு பற்று வைப்பை எந்தப் பேரேட்டிலும் நான் பார்த்ததில்லை. 1997-ல் திருப்பிக் கொடுத்தார்கள். அசல் மட்டும். வட்டி கிடையாது.

ஜெர்மனியில் வேறு கதை. ரூர் பகுதியின் பாட்ராப் நகரத்தில் ஒரு கழிவு மேட்டின் உச்சியில் 1995-ல் பிரம்மாண்டமான இரும்பு நான்முகி ஒன்றை நிறுத்தினார்கள். ஜனங்கள் குடும்பத்தோடு ஏறி ஊரைப் பார்க்கிறார்கள்.

நெய்வேலியிலும் மண் மேடுகளில் மரங்கள் வளர்ந்து நிழல் விழுகிறது, பறவைகள் வருகின்றன, பூங்கா இருக்கிறது. முதல்முறை போகிறவர் காடு என்றே நினைப்பார். குறை சொல்ல மனசு வரவில்லை. ஆனால் அந்த நிழல் யாருக்கு? மேட்டுக்கு அடியிலும் பள்ளத்துக்குள்ளும் இருந்தவை ஊர்கள், கோயில்கள், வரப்புகள். கொடுத்தவனுக்கு நஷ்டஈடு வந்திருக்கும், ஒருவேளை வேலையும் வந்திருக்கும். பத்திரம் மட்டும் நிறுவனத்தின் பெயரில்தான். மண்ணுக்கு மறுபடி உயிர் வந்தாலும், பழைய சொந்தக்காரன் அதில் ஏர் ஓட்ட முடியாது.

2023 ஜூலையில் வளையமாதேவியில் விளைந்து நின்ற நெல்லுக்குள் மண்வெட்டும் இயந்திரங்கள் இறங்கியதை நீங்கள் டி.வி.யில் பார்த்திருப்பீர்கள். வாய்க்கால் வெட்டத்தான். நிலத்தை எப்போதோ எடுத்தாயிற்று, பணமும் கொடுத்தாயிற்று என்றது நிர்வாகம். கதிர் முற்ற இன்னும் கொஞ்ச நாள் பொறுக்கக் கூடாதா என்று கேட்டார்கள் விவசாயிகள்.