44ஆவது சதுரங்க ஒலிம்பியாடில் இந்திய அணிகளின் ஆட்டவரிசை

ஆட்டவரிசை என்பது அணிச் சதுரங்கப் போட்டியின் ஒரு சுற்றில் எந்த நான்கு வீரர்கள், எந்தெந்தப் பலகையில் ஆடுவர் என்பதைக் குறிக்கும் பட்டியல் ஆகும். 2022ஆம் ஆண்டு சூலை 28 முதல் ஆகத்து 10 வரை தமிழ்நாட்டில் நடைபெற்ற 44ஆவது சதுரங்க ஒலிம்பியாடில் இந்தியா பொதுப் பிரிவில் மூன்று, பெண்கள் பிரிவில் மூன்று என ஆறு அணிகளைக் களமிறக்கியது. இவ்வணிகளின் பலகை வரிசை, முதற் சுற்றில் ஓய்வளிக்கப்பட்ட வீரர்கள், அத்தேர்வுகளின் விளைவுகள் ஆகியவற்றை இக்கட்டுரை விளக்குகிறது.

பின்னணி

இப்போட்டி முதலில் உருசியாவில் நடைபெறுவதாக இருந்தது. உக்ரைன் மீதான படையெடுப்பைத் தொடர்ந்து உருசியாவிடமிருந்து அந்த உரிமை விலக்கப்பட்டு, 2022 மார்ச்சு மாதத்தில் சென்னைக்கு வழங்கப்பட்டது. தொடக்க விழா சென்னை சவகர்லால் நேரு உள்விளையாட்டரங்கில் நடைபெற்றது. ஆட்டங்கள் செங்கல்பட்டு மாவட்டத்தில், மாமல்லபுரத்தை அடுத்த பூஞ்சேரியில் நடைபெற்றன. சென்னையிலிருந்து கோவளம், நெம்மேலி வழியாகச் செல்லும் கிழக்குக் கடற்கரைச் சாலை இப்பகுதியை அடைகிறது.

பொதுப் பிரிவில் 188 அணிகளும் பெண்கள் பிரிவில் 162 அணிகளும் பதிவு செய்தன. போட்டியை நடத்தும் நாடு கூடுதலாக ஓர் அணியைச் சேர்க்கலாம். மொத்த அணிகளின் எண்ணிக்கை ஒற்றைப்படையாக அமைந்தால் மேலும் ஓர் அணிக்கு இடமுண்டு. இதனாலேயே இந்தியாவுக்கு ஒவ்வொரு பிரிவிலும் மூன்று அணிகள் கிடைத்தன.

விதிமுறைகள்

ஓர் அணியில் ஐவர் இடம்பெறுவர். ஒவ்வொரு சுற்றிலும் நால்வர் ஆட, ஒருவர் ஓய்வெடுப்பார். ஐவரின் வரிசை போட்டி தொடங்கும் முன்பே உறுதி செய்யப்படும். பின்னர் அதனை மாற்ற இயலாது. ஒருவர் ஓய்வெடுத்தால் அவருக்குக் கீழே உள்ளவர்கள் ஒவ்வொரு பலகை மேலேறுவர். ஆகவே, எந்தச் சுற்றிலும் அணித்தலைவர் தேர்ந்தெடுக்கக்கூடிய ஆட்டவரிசைகள் ஐந்து மட்டுமே. யாருக்கு ஓய்வு என்று முடிவு செய்துவிட்டால் மற்ற அனைத்தும் தாமாக அமைந்துவிடும். கால்பந்து, ஆத்திரேலியக் கால்பந்து போன்ற விளையாட்டுகளில் ஆட்டத்தின் இடையே வீரரை மாற்றலாம். சதுரங்கத்தில் காய்கள் நகரத் தொடங்கிய பின் மாற்றத்திற்கு வழியில்லை.

ஓய்வு குறித்த முடிவு காய்களின் நிறத்தையும் பாதிக்கும். ஓர் அணிக்கு 1, 3 ஆகிய பலகைகளில் வெள்ளைக் காய்கள் கிடைத்தால், 2, 4 ஆகிய பலகைகளில் கறுப்புக் காய்கள் கிடைக்கும். எடுத்துக்காட்டாக, இவ்வாறான ஒரு சுற்றில் ஐந்தாமவர் ஓய்வெடுத்தால் மூன்றாமவருக்கு வெள்ளையும் நான்காமவருக்குக் கறுப்பும் அமையும். இரண்டாமவர் ஓய்வெடுத்தால் மூன்றாமவர் இரண்டாம் பலகைக்கு ஏறிக் கறுப்பிலும், நான்காமவர் மூன்றாம் பலகைக்கு ஏறி வெள்ளையிலும் ஆட வேண்டும்.

வெற்றிக்கு 2, சமநிலைக்கு 1 என அணிப் புள்ளிகள் கணக்கிடப்படும். 4-0 என வென்றாலும் 2.5-1.5 என வென்றாலும் அணிக்குக் கிடைப்பது 2 புள்ளிகளே. புள்ளிகள் சமமானால் மட்டுமே பிற கணக்குகள் பார்க்கப்படும்.

பலகை வரிசை

பொதுப் பிரிவின் முதல் அணியில் பென்டலா அரிகிருட்டிணா, விதித் குசராத்தி, அர்ச்சுன் எரிகைசி, எசு. எல். நாராயணன், கி. சசிகிரண் ஆகியோர் இவ்வரிசையில் இடம்பெற்றனர். சிறீநாத் நாராயணன் இதன் விளையாடாத தலைவராக இருந்தார். தரப்புள்ளிகளின் அடிப்படையில் இவ்வணி இரண்டாம் இடத்தில் வைக்கப்பட்டது. முதலிடம் ஐக்கிய அமெரிக்காவுக்குக் கிடைத்தது.

ஆர். பி. ரமேசு தலைமையிலான இரண்டாம் அணியின் வரிசை: குகேசு, நிகால் சரின், பிரக்ஞானந்தா, அதிபன், ரவுனக் சத்வானி. இவ்வணி தரவரிசையில் 11ஆம் இடத்தில் இருந்தது. குகேசு, பிரக்ஞானந்தா, அதிபன் ஆகிய மூவரும் தமிழ்நாட்டைச் சேர்ந்தவர்கள். முதற் பலகைக்குரிய குகேசுக்கு அப்போது வயது 16. ரவுனக்கின் தரப்புள்ளி 2611, அதிபனின் தரப்புள்ளி 2598. எனினும் அனுபவம் மிக்க அதிபன் நான்காம் இடத்திலும் ரவுனக் ஐந்தாம் இடத்திலும் வைக்கப்பட்டனர். பலகை வரிசை தரப்புள்ளி வரிசையாகவே இருக்க வேண்டியதில்லை என்பதற்கு இது ஓர் எடுத்துக்காட்டு.

பெண்கள் பிரிவின் முதல் அணியில் கொனேரு அம்பி, துரோணவல்லி அரிகா, வைசாலி, தானியா சச்தேவ், பக்தி குல்கர்ணி ஆகியோர் இருந்தனர். அபிசித் குந்தே தலைமையிலான இவ்வணி தம் பிரிவின் தரவரிசையில் முதலிடம் வகித்தது.

முதற் சுற்று

முதற் சுற்று சூலை 29 அன்று நடைபெற்றது. சுவிசு முறையில், முதற் சுற்றில் தரவரிசையின் மேற்பாதி அணிகள் கீழ்ப்பாதி அணிகளுடன் மோதும். ஆதலால் வலிமையான அணிகள் தம் முன்னணி வீரர் ஒருவருக்கு ஓய்வளிக்க இச்சுற்றைப் பயன்படுத்துவது வழக்கம்.

* முதல் அணி சிம்பாப்வேயைச் சந்தித்தது. அரிகிருட்டிணா ஓய்வெடுக்க, விதித் முதற் பலகைக்கு ஏறினார்.
* இரண்டாம் அணி ஐக்கிய அரபு அமீரகத்தைச் சந்தித்தது. பிரக்ஞானந்தா ஓய்வெடுக்க, ரவுனக் ஆட்டவரிசையில் சேர்ந்தார்.
* பெண்கள் முதல் அணி தசிகித்தானைச் சந்தித்தது. அரிகா ஓய்வெடுக்க, பக்தி ஆட்டவரிசையில் சேர்ந்தார்.

இந்தியாவின் ஆறு அணிகளும் இச்சுற்றில் 4-0 என வென்றன.

அரிகாவின் ஓய்வு மற்ற இரண்டிலிருந்தும் வேறுபட்டது. அவர் அப்போது நிறைமாதக் கருவுற்றிருந்தார். அதே ஆகத்து மாதத்தில் அவருக்குக் குழந்தை பிறந்தது. ஐந்து இடங்களில் ஒன்றை அவருக்கு அளிப்பதென்பது, அவர் ஆட இயலாத நாளில் மற்ற நால்வருக்கும் ஓய்வே இல்லை என்பதை ஏற்றுக்கொள்வதாகும். அணி அதனை ஏற்றது. பின்வந்த சுற்றுகளில் அரிகா களமிறங்கினார்.

விளைவுகள்

குகேசு 11 சுற்றுகளிலும் ஆடினார். முதல் 8 ஆட்டங்களையும் தொடர்ச்சியாக வென்றார். எட்டாவது வெற்றி அமெரிக்காவின் பாபியானோ கருவானாவுக்கு எதிரானது. அச்சுற்றில் ஐந்தாம் இடத்தில் வைக்கப்பட்ட ரவுனக்கும் வெல்ல, இரண்டாம் அணி அமெரிக்காவை 3-1 என வீழ்த்தியது. பத்தாம் சுற்றில் உசுபெக்கித்தானின் நோதிர்பெக் அப்துசத்தாரோவிடம் குகேசு தோற்றார். அச்சுற்று 2-2 எனச் சமநிலையில் முடிந்தது. இறுதியில் உசுபெக்கித்தான் தங்கமும், ஆர்மீனியா வெள்ளியும், இந்திய இரண்டாம் அணி வெண்கலமும் பெற்றன. தரவரிசையில் மேலே இருந்த முதல் அணி நான்காம் இடத்தையே அடைந்தது. குகேசும் நிகாலும் தத்தம் பலகைகளில் தனிநபர் தங்கம் வென்றனர்.

பெண்கள் பிரிவில் உக்ரைன், சியார்சியா ஆகியவற்றை அடுத்து இந்திய முதல் அணி வெண்கலம் வென்றது. கடைசிச் சுற்றுக்கு முன்னர் முன்னிலையில் இருந்த இவ்வணி, அச்சுற்றில் அமெரிக்காவிடம் 1-3 எனத் தோற்றது.

பிற்காலம்

2024ஆம் ஆண்டு புடாபெசுட்டு ஒலிம்பியாடில் இந்தியாவுக்கு ஒரே அணிதான். மாமல்லபுரத்தின் இரு அணிகளிலிருந்தும் குகேசு, பிரக்ஞானந்தா, அர்ச்சுன், விதித், அரிகிருட்டிணா ஆகியோர் இவ்வரிசையில் தேர்வாயினர். ஐவரில் உயர்ந்த தரப்புள்ளி பெற்றிருந்தவர் அர்ச்சுன். ஆயினும் அவர் மூன்றாம் பலகையில் வைக்கப்பட்டு, 11 ஆட்டங்களில் 10 புள்ளிகள் ஈட்டினார். முதற் பலகையில் குகேசு 10 ஆட்டங்களில் 9 புள்ளிகள் பெற்றார். பொதுப் பிரிவு, பெண்கள் பிரிவு இரண்டிலும் இந்தியா தங்கம் வென்றது. 2022இல் முதற் பலகையிலிருந்து ஓய்வளிக்கப்பட்ட அரிகிருட்டிணா, இம்முறை ஐந்தாம் இடத்திலிருந்து தங்கம் வென்ற அணியின் உறுப்பினரானார் என்பது குறிப்பிடத்தக்கது.