நெகிரி செம்பிலான் தோட்டங்களும் ஜெட் இரைச்சலும்

நெகிரி செம்பிலான் மாநிலத்துக்குள் பெரிய விமான நிலையம் எதுவும் கட்டப்படவில்லை. ஆனாலும் அங்குள்ள ரப்பர், செம்பனைத் தோட்டங்களில் வாழ்ந்த தமிழர்களுக்கு ஜெட் விமானத்தின் இரைச்சல் எழுபது ஆண்டுகளுக்கும் மேலாகப் பழக்கமான ஒன்று. தெற்கே சிங்கப்பூரின் தெங்கா தளம், வடக்கே பினாங்கை அடுத்த பட்டர்வொர்த் தளம், எல்லைக்கு அப்பால் சுபாங், பிறகு செப்பாங் என்று நான்கு பக்கத்து எஞ்சின்களும் லாபு, நீலாய், ரந்தாவ், போர்ட்டிக்சன் வட்டாரத்துத் தொழிலாளர் வரிசை வீடுகளான லயங்களின் கூரை மேல் முழங்கியிருக்கின்றன. உலகின் மிக இரைச்சலான பயணிகள் விமானங்களில் ஒன்றான கான்கார்டும் இந்த வரலாற்றில் சில நாள் தலைகாட்டிவிட்டுப் போயிற்று.

ஜெட் வருவதற்கு முன் தோட்டத்து எஞ்சின்கள் எல்லாம் தரையில்தான் இருந்தன. ரப்பர் ஸ்டோரில் உருளைகளைச் சுழற்றும் எஞ்சின், ரப்பர் பால் ஏற்றிச் செல்லும் லாரி, சிரம்பானுக்கும் கோலாலம்பூருக்கும் இடையே தீரோய், லாபு, நீலாய், பத்தாங் பெனார் நிலையங்களைக் கடந்து போகும் ரயில் ஆகியவையே அன்றாட ஒலிகள். பெரட்டுக்கு (வேலைக்கு ஆள் பிரிக்கும் கூட்டத்துக்கு) அழைக்கும் மணியையும் ரயில் சத்தத்தையும் வைத்தே பலர் பொழுதைக் கணக்கிட்டார்கள்.

வானத்து எஞ்சின் அவசரகாலத்தோடு வந்தது. 1948 முதல் 1960 வரை மலாயாவில் நடந்த கம்யூனிஸ்டு எதிர்ப்புப் போரில் பிரித்தானிய அரச விமானப்படை காடுகளைக் குண்டுவீசித் தாக்கியது. தெங்காவிலிருந்த அதன் 60ஆம் படைப்பிரிவு 1951 ஜனவரி 1 அன்று ஸ்பிட்ஃபயர் விமானத்தைக் கடைசி முறையாகத் தாக்குதலுக்கு அனுப்பியது. அதன் இடத்துக்கு வந்த வாம்பயர், ஜெட் விமானம். 1955 முதல் கான்பெர்ரா குண்டுவீச்சு ஜெட்களும் வந்தன. ஆனால் நெகிரி செம்பிலானில் நடந்த பெரிய வான்தாக்குதலைச் செய்தது ஜெட் அல்ல. 1957 மே மாதம் இம்மாநிலக் காட்டில் கம்யூனிஸ்டுத் தளபதி தெங் ஃபூக் லூங் கொல்லப்பட்டது ஆஸ்திரேலியாவின் லிங்கன் விமானங்கள் வீசிய குண்டுகளால். லிங்கனுக்கு நான்கு பிஸ்டன் எஞ்சின்கள்.

அதே போரில் எஞ்சின் இரைச்சல் இன்னொரு விதத்திலும் கணக்கில் வந்தது. காட்டில் ஒளிந்திருந்தவர்களைச் சரணடையச் சொல்லி ஒலிபெருக்கி கட்டிய விமானங்களிலிருந்து அறிவிப்புச் செய்தார்கள். முதலில் வேலட்டா விமானத்தில் முயன்றபோது அதன் எஞ்சின் சத்தமே பேச்சை விழுங்கிவிட்டது. பிறகு மெதுவாகவும் அமைதியாகவும் பறக்கும் டகோட்டாவும் ஆஸ்டரும் அந்த வேலையை ஏற்றன.

முள்வேலிக்குள் அடைத்துவைக்கப்பட்ட லயங்களில் இருந்தவர்களுக்கு அந்தக் காலத்து இரைச்சல் இனிமையானதல்ல. எந்தப் பக்கம் குண்டு விழுகிறது, எந்தப் பிரிவில் நாளை பால் வெட்டப் போகலாம் என்ற கவலையோடு கேட்ட ஒலி அது. ஜெட் சத்தத்தின் மேல் பாசம் பிறந்தது அடுத்த தலைமுறைக்கே.

அந்தத் தலைமுறை கேட்டது பயிற்சிப் பறப்புகளை. பட்டர்வொர்த்தில் ஆஸ்திரேலியாவின் சேபர் விமானங்கள் 1958 முதலும், மிராஜ் விமானங்கள் 1967 முதல் 1988 வரையும் இருந்தன. தெங்காவில் 1967 முதல் 1971 வரை பிரிட்டனின் லைட்னிங் போர்விமானங்கள் நின்றன. ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கிய இரண்டு ஜெட் எஞ்சின்களில், வெளியேறும் காற்றில் மேலும் எரிபொருளை எரிக்கும் பின்னெரிப்பையும் மூட்டிக்கொண்டு கிளம்பும் லைட்னிங், தன் காலத்தின் மிக உரத்த போர்விமானங்களில் ஒன்று. இவ்விரு தளங்களுக்கும் நடுவே கிடக்கும் நிலம் நெகிரி செம்பிலான்.

பயணிகள் ஜெட்டும் அதே காலத்தில் வந்து சேர்ந்தது. பிரிட்டனின் பி.ஓ.ஏ.சி. நிறுவனம் 1952 அக்டோபர் 14 அன்று லண்டனிலிருந்து சிங்கப்பூருக்கு காமெட் சேவையைத் தொடங்கியது. மலாயன் ஏர்வேய்ஸ் 1962இன் இறுதியில் காமெட் 4 ஜெட்டைப் பறக்கவிட்டது. 1965 ஆகஸ்டு 30 அன்று சுபாங் விமான நிலையம் திறக்கப்பட்டது. 1972இல் மலேசிய விமான நிறுவனமான மாஸ் தனியாகப் பிரிந்தபின், உள்நாட்டு வழித்தடங்களில் போயிங் 737-200 ஓடியாடி உழைத்தது. அதன் ஜேடி8டி எஞ்சின் எழுப்பும் கரகரப்பான உறுமலை, அந்தக் காலத்தில் சிறுவர்களாக இருந்தவர்கள் இன்றைய விமானங்களின் சத்தத்திலிருந்து உடனே பிரித்துச் சொல்லிவிடுவார்கள்.

பழைய ஜெட் ஏன் அவ்வளவு சத்தம் போட்டது? எஞ்சினின் பின்வாயிலிருந்து பீறிடும் சூடான காற்று, வெளியே அசையாமல் நிற்கும் காற்றோடு உராய்ந்து சுழல்வதால் பிறக்கும் ஒலி அது. ஆங்கிலேயக் கணிதவியலர் ஜேம்ஸ் லைட்ஹில் 1952இல் இதற்கு ஒரு விதியைக் கண்டார். ஒலியின் ஆற்றல், பீறிடும் காற்றின் வேகத்தின் எட்டாம் அடுக்கில் கூடுகிறது. வேகம் இரண்டு மடங்கானால் ஒலியாற்றல் 256 மடங்கு. ஆகவே எஞ்சினின் முன்னே பெரிய விசிறி வைத்து, நிறையக் காற்றை நிதானமாகப் பின்தள்ளினால் உந்துவிசை குறையாமல் சத்தம் குறையும். 747, டிசி-10 காலத்திலிருந்து பெரிய பயணிகள் விமானங்கள் அந்த வழியில்தான் அமைதியாயின.

ஒலி எப்படிக் கேட்டது என்பதில் தோட்டத்துச் சூழலுக்கும் பங்கு உண்டு. மரத்துக்குள் அழுத்தம் மிகுந்து பால் நன்றாக இறங்குவது விடியற்காலைக் குளிரில் என்பதால், பால் வெட்டுபவர்கள் இருட்டிலேயே நெற்றி விளக்கோடு மரவரிசையான நிரைக்குப் போவார்கள். அந்த நேரத்தில் தரையை ஒட்டிய காற்று குளிர்ந்தும் மேலே உள்ள காற்று சூடாகவும் இருக்கும். மேல்நோக்கிப் போக வேண்டிய ஒலி வளைந்து தரைக்கே திரும்பும். பகலில் எட்டாத சத்தமும் விடியலில் எட்டும். மரக்கூட்டம் கீச்சொலியை உறிஞ்சிக்கொள்ள, அடித்தொண்டை முழக்கம் மட்டும் நிரைக்குள் உருண்டு வரும். பத்துக் கிலோமீட்டர் தொலைவிலிருந்து ஒலி வந்து சேர அரை நிமிடம் ஆகும். அதற்குள் விமானம் ஏழு, எட்டுக் கிலோமீட்டர் போயிருக்கும். சத்தம் வந்த திசையில் தேடிய பிள்ளைகளுக்கு விமானம் தென்படாமல் போனதன் காரணம் இதுவே.

இனி கான்கார்டு. பிரிட்டனும் பிரான்சும் சேர்ந்து கட்டிய இந்த விமானம் ஒலியைப் போல் இரண்டு மடங்கு வேகத்தில், ஏறத்தாழ 18 கிலோமீட்டர் உயரத்தில் பறந்தது. நான்கு ஒலிம்பஸ் 593 எஞ்சின்களிலும், போர்விமானத்தில் உள்ளதுபோல, கிளம்பும்போது பின்னெரிப்பு. கிளம்புகையில் அளந்த இரைச்சல், விமானத் துறை பயன்படுத்தும் உணர்இரைச்சல் அளவில் 119 டெசிபெலைத் தாண்டியது. இதைவிட உரத்தது என்று பேர்வாங்கிய ஒரு விமானம் உண்டு: 1955இல் அமெரிக்காவில் சோதிக்கப்பட்ட எக்ஸ்எஃப்-84எச். சுழலித் தகடுகளின் நுனி ஒலியை மிஞ்சிச் சுற்றியதால் 40 கிலோமீட்டருக்கு அப்பாலும் அது கேட்டதாகவும், தரையில் நின்ற ஊழியர்களுக்குக் குமட்டல் வந்ததாகவும் பதிவுகள் சொல்கின்றன. ஆனால் அது சுழலி வைத்த சோதனை விமானம்; பயன்பாட்டுக்கு வரவில்லை. பயணிகளை ஏற்றிய ஜெட்களில் மிக உரத்தவற்றுள் ஒன்று கான்கார்டு.

1977 டிசம்பர் 9 அன்று பிரிட்டிஷ் ஏர்வேய்சும் சிங்கப்பூர் ஏர்லைன்சும் சேர்ந்து லண்டன், பஹ்ரைன், சிங்கப்பூர் கான்கார்டு சேவையைத் தொடங்கின. ஒரு விமானத்தின் இடப்பக்கம் சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் வண்ணத்திலும் வலப்பக்கம் பிரிட்டிஷ் ஏர்வேய்ஸ் வண்ணத்திலும் தீட்டப்பட்டிருந்தது. பாதை மலாக்கா நீரிணையின் மேல். இரைச்சலைக் காரணம் காட்டி, ஒலியை மிஞ்சிய வேகத்தில் தன் வான்வெளியில் பறக்க மலேசியா அனுமதி மறுத்தது. டிசம்பர் 13 அன்று சேவை நின்றது. லண்டனில் மாஸ் நிறுவனத்துக்குக் கூடுதல் இறங்குரிமை பெறும் நோக்கமும் இந்த மறுப்பில் இருந்தது என்ற பேச்சு அப்போது எழுந்தது. அதற்காக இரைச்சல் வாதத்தைச் சாக்கு என்று ஒதுக்கிவிட முடியாது. ஒலியை மிஞ்சிப் பறக்கும்போது எழும் கான்கார்டின் அதிர்வெடி தரையில் ஏறத்தாழ 80 கிலோமீட்டர் அகலத்துக்கு விழும். போர்ட்டிக்சனை அடுத்த தஞ்சோங் துவானுக்கும் எதிரே உள்ள ரூபாட் தீவுக்கும் இடையே நீரிணையின் அகலம் சுமார் 40 கிலோமீட்டர். நடுக்கடலில் பறந்தாலும் வெடியோசை இரு கரையையும் தொடாமல் இருக்க வழியில்லை. லிங்கி, சிலியாவ் தோட்டங்கள் அந்த எல்லைக்குள்ளேயே வருகின்றன. மலேசியாவின் மறுப்பு நியாயமானது.

1979 ஜனவரி 24 அன்று மலேசிய வான்வெளியைச் சுற்றிக்கொண்டு சேவை மீண்டும் தொடங்கியது. இந்தியாவும் தன் நிலத்தின் மேல் ஒலிமிஞ்சிய வேகத்துக்கு இடம் தரவில்லை. 1980 நவம்பர் 1 அன்று அந்த கான்கார்டு சேவை முடிந்தது.

தோட்டத் தமிழரின் ஜெட் நினைவில் இதைவிட ஆழமாகப் பதிந்தது சென்னைப் பயணம். 1973 முதல் சென்னைக்கும் மலாயாத் துறைமுகங்களுக்கும் இடையே ஆட்களைச் சுமந்த எம்.வி. சிதம்பரம் கப்பல் 1985 பிப்ரவரியில் தீப்பிடித்தது. அதோடு அந்தக் கப்பல் சேவை நின்றுபோனது. அதன்பின் ஊருக்குப் போக விமானமே வழி. வழியனுப்ப சுபாங்குக்கு ஒரு வேன் நிறைய உறவினர் போவதும், பார்வையாளர் மாடத்திலிருந்து கையசைப்பதும், எஞ்சின் முழக்கம் காதை அடைக்க விமானம் ஓடுதளத்தை விட்டு எழுவதைப் பார்த்து நிற்பதும் குடும்ப நிகழ்ச்சிகளாயின. பெற்றவர்களைக் கடைசியாகப் பார்க்கப் போனவர்களும், சாவுக்குப் போய்ச் சேர முடியாதவர்களும் அந்த ஒலியை வெவ்வேறு விதமாக நினைவில் வைத்திருக்கிறார்கள்.

1998இல் ஒலி பக்கத்திலேயே வந்துவிட்டது. சிலாங்கூரின் செப்பாங்கில், நெகிரி செம்பிலான் எல்லையை ஒட்டி, சுமார் 10,000 ஹெக்டேர் நிலத்தில் கோலாலம்பூர் அனைத்துலக விமான நிலையம் (கேஎல்ஐஏ) எழுந்தது. அதற்குமுன் அங்கே இருந்தவை பெரும்பாலும் செம்பனைத் தோட்டங்கள். ஜப்பானியக் கட்டடக் கலைஞர் கிஷோ குரோகாவா வடிவமைத்த முனையத்தை 1998 ஜூன் 27 அன்று திறந்துவைத்தவர் அன்றைய மாமன்னர் துவாங்கு ஜாஃபார். அவரே நெகிரி செம்பிலானின் ஆட்சியாளரும். தொடக்க நாளில் முதலில் வந்திறங்கிய விமானம் குவாந்தானிலிருந்து வந்த எம்எச்1263. ஓடுதளங்கள் வடமேற்கு, தென்கிழக்காகக் கிடக்கின்றன. தென்கிழக்கு நோக்கிக் கிளம்பும் விமானம் சில நிமிடங்களில் புக்கிட் பெலாண்டோக், லுக்குட் வட்டாரத்தை எட்டிவிடும்.

லாபு தோட்டத்துக்கு இன்னும் ஒரு திருப்பம் காத்திருந்தது. மலிவு விமான நிறுவனமான ஏர்ஏஷியாவும் தோட்ட நிறுவனமான சைம் டார்பியும் அங்கே 160 கோடி ரிங்கிட் செலவில் மலிவு விமானங்களுக்கான நிலையம் கட்டத் திட்டமிட்டன. பத்துக் கிலோமீட்டர் தொலைவில் ஒரு பெரிய நிலையம் இருக்க இன்னொன்று எதற்கு என்ற எதிர்ப்பு வலுத்தது. 2009 ஜனவரி இறுதியில் அரசு திட்டத்தைக் கைவிட்டது. அதற்குப் பதிலாகச் செப்பாங்கிலேயே கட்டிய கேஎல்ஐஏ2 முனையம் 2014 மே 2 அன்று செயல்படத் தொடங்கியது.

இதற்கிடையே எஞ்சின்கள் மாறிவிட்டன. 2002 ஏப்ரல் முதல் ஐரோப்பிய வானம் பழைய இரைச்சல் ஜெட்களுக்கு மூடப்பட்டது. மாஸ் 2012 ஜூலை 1 முதல் லண்டனுக்கு ஓட்டிய ஏ380, கான்கார்டைப் போல் பல மடங்கு ஆட்களை ஏற்றியும் அதைவிட மிக அமைதியாகப் பறந்தது. நீலாய்ப் பக்கத்துத் தோட்டங்கள் பல வீட்டுமனைகளாகவும் கல்லூரி வளாகங்களாகவும் மாறின. லயத்தை விட்டு அடுக்குவீட்டுக்குப் போன குடும்பங்களின் பிள்ளைகளில் பலர் அதே விமான நிலையத்தின் சரக்குக் கிடங்கிலும் உணவுக்கூடத்திலும் காவல் பணியிலும் சேர்ந்தார்கள்.

வாம்பயர் காலத்தில் சிறுபிள்ளைகளாக இருந்தவர்களுக்கு இப்போது எண்பது வயது. விமானங்களின் வரலாறு படைப்பிரிவுக் குறிப்புகளில் பத்திரமாக இருக்கிறது. அவற்றைக் கீழே நின்று கேட்டவர்களின் வரலாறு இன்னும் பெரும்பாலும் வாய்மொழியாகவே கிடக்கிறது. உங்கள் வீட்டில் லாபு, ரந்தாவ், சிலியாவ் தோட்டங்களில் வளர்ந்த பெரியவர் ஒருவர் இருந்தால், என்ன சத்தம் கேட்டார், அப்போது எங்கே நின்றார், என்ன செய்துகொண்டிருந்தார் என்று கேட்டு, தோட்டத்தின் பெயரோடும் ஆண்டோடும் அவர் குரலிலேயே பதிவு செய்து வையுங்கள்.