அரண்மனையை விட்டுப் போன அதிகாரங்கள்

சட்டமன்றம் சட்டம் இயற்றும், அமைச்சரவை நிர்வாகம் நடத்தும், நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லும் என்ற ஏற்பாடு 1950இல் அரசியல் சாசனத்தோடு வந்ததாகவே பள்ளியில் படிக்கிறோம். காரைக்குடியையும் செட்டிநாட்டின் பெரும்பகுதியையும் உள்ளடக்கியிருந்த சிவகங்கைச் சீமையின் வரலாற்றைப் பார்த்தால், அதிகாரங்கள் அங்கே 1801 முதலே பிரியத் தொடங்கிவிட்டன. ஆனால் அந்தப் பிரிவினையால் குடிகளுக்கு உரிமை எதுவும் கிடைத்துவிடவில்லை. யாருக்குப் பதில் சொல்லும் அரசு என்ற கேள்வி தீராதவரை, கிளைகள் எத்தனை இருந்தும் ஆட்சி ஒரே கையில்தான் இருக்கும் என்பதற்கு இந்தச் சீமையே சாட்சி.

வரி, படை, காவல், வழக்கு நான்கும் முன்பு அரண்மனையின் பொறுப்பு. 1772இல் காளையார்கோவில் போரில் மன்னர் முத்துவடுகநாதர் மடிந்ததும், 1780இல் அவர் மனைவி வேலு நாச்சியார் சீமையை மீட்டதும் ஆள்வோரை மாற்றின. ஆளும் முறையை மாற்றவில்லை. அதை மாற்றியது கிழக்கிந்தியக் கம்பெனி. 1801 அக்டோபர் 24 அன்று, சீமையை ஆண்டுவந்த மருது சகோதரர்களைத் திருப்பத்தூரில் தூக்கிலிட்ட கையோடு குடிகளின் ஆயுதங்களைப் பறித்தது. தான் பட்டம் கட்டிய படமாத்தூர் கௌரி வல்லபருக்கு 1803இல் ஜமீன் உரிமைப் பத்திரமான சன்னது கொடுத்தது. நிலவரியை வசூலித்து, அரசுக்கு நிரந்தரமாக நிர்ணயித்த பேஷ்கஷ் தொகையைக் கட்டுவது மட்டுமே இனி அவர் வேலை. உப்பு, சாராயம், சுங்கம் ஆகியவற்றின் வருவாயை 1802ஆம் ஆண்டின் 25ஆம் ரெகுலேஷன் அரசுக்கே ஒதுக்கிவிட்டது. காவல் போனது, படை போனது, வழக்கு கோர்ட்டுக்குப் போனது. அப்படிப் போனவையெல்லாம் போய்ச் சேர்ந்த இடம் ஒன்றே: கம்பெனி.

கோர்ட் தனியாக நின்றதால் நன்மையே இல்லையா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. கௌரி வல்லபர் 1829இல் ஆண் வாரிசின்றி இறந்ததும் அண்ணன் வழியினர் ஜமீனைப் பிடித்துக்கொண்டார்கள். அவருடைய மனைவி தொடுத்த வழக்கை மகள் காத்தம நாச்சியார் விடாமல் நடத்தினார். 1863இல் லண்டன் பிரிவி கவுன்சில் அவர் பக்கம் தீர்ப்பளித்தது: கூட்டுக் குடும்பத்தில் ஒருவர் தாமே ஈட்டிய சொத்து, மகன் இல்லாதபோது, அவருடைய மனைவிக்கும் மகளுக்கும் சேரும். அரண்மனையே வழக்கை விசாரித்திருந்தால், அதைப் பிடித்து வைத்திருந்தவர்களுக்கு எதிராக ஒரு பெண் வென்றிருக்க முடியாது. அதை மறுப்பதற்கில்லை. ஆனாலும் அது சொத்துக்கு உடையவர் யார் என்ற வழக்கு. அந்த நிலத்தை உழுதவர், தம்மைக் கட்டுப்படுத்தும் சட்டத்தை எழுதுவதில் தமக்குப் பங்கு உண்டா என்று கேட்க எந்தக் கோர்ட்டிலும் இடமில்லை.

தாலுகா கச்சேரியிலும் கிளைகள் சரியாகப் பிரியவில்லை. வரி தண்டிய தாசில்தாரே மாஜிஸ்திரேட்டாகவும் உட்கார்ந்தார். 1942 ஆகஸ்டில், வெள்ளையனே வெளியேறு போராட்டத்தின்போது, மக்கள் திருவாடானைச் சிறையை உடைத்து விடுதலைப் போராட்ட வீரர் சின்ன அண்ணாமலையை மீட்டார்கள். தேவகோட்டை கோர்ட் தீக்கிரையானது. அதை வெறும் கலவரம் என்று ஒதுக்குவது எளிது. சிறையும் கோர்ட்டும் அந்தக் கூட்டத்தின் கண்ணுக்கு ஒரே அரசாகத் தெரிந்தன என்பதுதான் கவனிக்க வேண்டியது. அந்தப் பார்வையில் தவறு இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

ஜமீனை ஒழித்தது 1948இல் சென்னை சட்டமன்றம் இயற்றிய 26ஆம் சட்டம். மக்கள் மன்றம் இதைச் செய்ததே, இது போதாதா என்றால், அதை இயற்றிய மன்றம் சொத்தும் படிப்பும் உள்ளவர்களுக்கே பெரும்பாலும் வாக்குரிமை இருந்த 1946 தேர்தலில் உருவானது. அந்தச் சட்டத்தைக் கோர்ட் வழக்குகளிலிருந்து காக்க, 1951இல் அரசியல் சாசனத்தைத் திருத்தி ஒன்பதாம் அட்டவணையில் சேர்த்தார்கள். அடுத்த ஆண்டு நடந்த பொதுத்தேர்தலில்தான் சிவகங்கைச் சீமையில் வயதுவந்த குடியானவர் எல்லோராலும் முதன்முதலாகச் சட்டமன்றத்துக்கு வாக்களிக்க முடிந்தது.