காட்டுப் பறவை கிரில்: கடைசியில் மட்டும் பழப்பாகு தடவுவது ஏன்? நம்ம ஊரில் செய்தால் ஜெயிலா? முழு விளக்கம்

கரி அடுப்பு மேல் முழுசாக ஒரு பறவை. அதன் மேல் ஆரஞ்சு, செர்ரி, ஆப்ரிகாட் என ஏதோ ஒரு பழப்பாகைப் பிரஷ்ஷால் தடவ, தோல் கண்ணாடி மாதிரி மின்னுகிறது. அமெரிக்கா, பிரிட்டன் பக்கம் இருந்து வரும் இந்த மாதிரி சமையல் வீடியோக்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். 'நாமும் ஒரு கௌதாரியைப் பிடித்து இப்படிச் சுட்டால் என்ன?' என்று யோசிப்பவர்கள் அடுப்பு பற்றவைக்கும் முன் இதைப் படித்துவிடுங்கள்.

'கேம் பேர்ட்' என்றால் என்ன?

சட்டப்படி அனுமதிக்கப்பட்ட பருவத்தில் வேட்டையாடிச் சாப்பிடும் காட்டுப் பறவைகளை மேற்கத்திய நாடுகளில் இப்படிச் சொல்கிறார்கள். ஃபெசன்ட், கிரவுஸ், பார்ட்ரிட்ஜ், காட்டு வாத்து, காட்டு வான்கோழி எல்லாம் இதில் வரும்.

அங்கேயும் நினைத்த நேரத்தில் சுட முடியாது. பிரிட்டனில் சிவப்பு கிரவுஸ் வேட்டை ஆகஸ்ட் 12-ல் தொடங்கி டிசம்பர் 10-ல் முடியும். ஃபெசன்ட்டுக்கு அக்டோபர் 1 முதல் பிப்ரவரி 1 வரை. முட்டையிட்டு குஞ்சு பொரிக்கும் காலத்தில் தொடக்கூடாது.

அமெரிக்காவில் 1918-ம் ஆண்டு சட்டம் வலசைப் பறவைகளைப் பாதுகாக்கிறது. வேட்டையாடிய வலசைப் பறவையை அங்கே விற்கவும் முடியாது. இதற்குப் பின்னால் ஒரு கசப்பான கதை உண்டு. ஒரு காலத்தில் வானத்தையே மறைக்கும் அளவுக்குப் பறந்த பயணிப் புறாக்களை இறைச்சிச் சந்தைக்காகச் சுட்டுத் தள்ளினார்கள். காடுகளும் அழிந்தன. அந்த இனத்தின் கடைசிப் பறவை 1914-ல் சின்சினாட்டி உயிரியல் பூங்காவில் இறந்தது.

பழப்பாகு எதற்கு?

பிராய்லர் கோழி மாதிரி இந்தப் பறவைகள் உட்கார்ந்து தின்பதில்லை. பறந்து, ஓடித் திரிவதால் உடம்பில் கொழுப்பு குறைவு, கால் தசை கெட்டி. நெருப்பில் காட்டினால் உருகி ஈரம் கொடுக்கக் கொழுப்பு கிடையாது. இரண்டு நிமிடம் கூடுதலாக இருந்தாலும் நெஞ்சுக்கறி சக்கையாகிவிடும்.

காட்டு வாத்து, கிரவுஸ் போன்றவற்றின் கறி கருஞ்சிவப்பாக, ஈரல் வாடையோடு இருக்கும். பழத்தின் இனிப்பும் புளிப்பும் அந்த வாடையை அடக்கும். வாத்துக்கு ஆரஞ்சு, கிரவுஸுக்கு பெர்ரிப் பழங்கள் என்று ஐரோப்பியர்கள் ஜோடி சேர்த்தது இதனால்தான்.

ஆனால், பாகு தடவினால் கறி மிருதுவாகிவிடும் என்று நினைக்க வேண்டாம். பாகு கொடுப்பது சுவையும் பளபளப்பும் மட்டும்தான். மிருதுவாக்குவது உப்புத் தண்ணீர். 1 லிட்டர் தண்ணீரில் சுமார் 50 கிராம் உப்பு கரைத்து, பறவையை அதில் மூழ்கவைத்து ஃபிரிட்ஜில் சில மணி நேரம் வைப்பார்கள். உப்பு உள்ளே இறங்கி, சுடும்போது ஈரம் வெளியேறாமல் பிடித்துவைக்கும்.

கருகுவது ஏன்?

பலர் கோட்டைவிடும் இடம் இது. பழத்தில் உள்ள ஃபிரக்டோஸ் சர்க்கரை சுமார் 110 டிகிரி செல்சியஸிலேயே நிறம் மாறத் தொடங்கும். நாம் டீயில் போடும் சர்க்கரைக்கு சுமார் 160 டிகிரி வேண்டும். கரி அடுப்பின் கம்பியோ 200 டிகிரியைச் சாதாரணமாகத் தாண்டும். முதலிலேயே பாகைத் தடவினால் வெளியே கருகும், உள்ளே பச்சையாக இருக்கும்.

அதனால் வரிசை இப்படி இருக்க வேண்டும்:

* முதுகெலும்பை வெட்டி எடுத்துவிட்டு, பறவையைப் புத்தகம் மாதிரி விரிக்க வேண்டும். அப்போதுதான் சீராக வேகும்.
* கரியை ஒரு பக்கம் மட்டும் குவிக்க வேண்டும். சூடு குறைந்த பக்கத்தில் பறவையை வேகவிட வேண்டும்.
* முக்கால்வாசிக்கு மேல் வெந்த பிறகு, கடைசி சில நிமிடங்களில் மட்டும் பாகை மெல்லிசாக இரண்டு, மூன்று முறை தடவ வேண்டும்.
* எலும்பில் படாமல் தெர்மாமீட்டர் குத்திப் பார்த்தால் 74 டிகிரி செல்சியஸ் காட்ட வேண்டும். பறவை இறைச்சிக்கு அமெரிக்க வேளாண் துறை சொல்லும் பாதுகாப்பான அளவு இது. நெஞ்சுக்கறி சிவப்பாகவே இருக்கட்டும் என்று சில சமையல்காரர்கள் விடுவது அவர்கள் ரிஸ்க்.

தட்டில் ஈயம்

வீடியோக்கள் அதிகம் பேசாத விஷயம் இது. துப்பாக்கி ரவையில் இருக்கும் ஈயம் இறைச்சிக்குள் கண்ணுக்குத் தெரியாத துகள்களாகத் தங்கிவிடும். சமைத்தால் போகாது. புளிப்பான சாறில் ஊறவைத்தால் இன்னும் அதிகமாகக் கறிக்குள் கரையும். அதாவது, ருசிக்காகச் சேர்க்கும் பழச்சாறே இங்கே வில்லன் ஆகலாம்.

ஈயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். ஈய ரவையால் சுட்ட இறைச்சியைக் குழந்தைகளும் கர்ப்பிணிகளும் முடிந்தவரை தவிர்க்க வேண்டும் என்று பிரிட்டன் உணவுத் தர அமைப்பு அறிவுறுத்துகிறது. அமெரிக்கா முழுவதும் நீர்ப்பறவை வேட்டைக்கு ஈய ரவை 1991-லேயே தடை செய்யப்பட்டது. கலிஃபோர்னியாவில் 2019 முதல் எல்லா வேட்டைக்கும் தடை.

சரி, நம்ம ஊரில்?

இங்கே பருவம், லைசென்ஸ் என்ற பேச்சே கிடையாது. வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் 1972-ன்படி கௌதாரி, காட்டுக்கோழி, காட்டுக்காடை, மயில் எதையும் வேட்டையாட முடியாது. 'நான் பிடிக்கல, காசு கொடுத்துதான் வாங்கினேன்' என்று சொல்லியும் தப்ப முடியாது. வாங்குவதும் விற்பதும்கூட சிக்கல்தான்.

* பொதுவாக 3 ஆண்டு வரை சிறை அல்லது 1 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.
* மயில் போல முதல் பட்டியலில் இருக்கும் உயிரினம் என்றால் குறைந்தது 3 ஆண்டு, அதிகபட்சம் 7 ஆண்டு சிறை. அபராதம் குறைந்தது 25,000 ரூபாய்.

2024 ஆகஸ்டில் தெலங்கானாவில் மயில் கறி சமைப்பது எப்படி என்று வீடியோ போட்ட யூடியூபர் கைதானார். லைக்குக்காகப் போட்ட வீடியோவே அவருக்கு எதிராகத் திரும்பியது.

அப்போ என்ன செய்யலாம்?

பண்ணையில் வளர்க்கும் ஜப்பானியக் காடைக்கு இந்தத் தடை இல்லை. கறிக்கடைகளில் 'காடை' என்று கிடைப்பது இதுதான். ஐந்து வாரத்தில் சுமார் 200 கிராம் எடை வரும். சின்னப் பறவை, கொழுப்பும் குறைவு என்பதால் இந்தச் சமையலுக்கு நன்றாகவே பொருந்தும்.

4 காடைக்கு 1 கப் ஆரஞ்சுச் சாறு, 2 டேபிள்ஸ்பூன் வெல்லம், கொஞ்சம் மிளகுத்தூள், காய்ந்த மிளகாய். பாதியாகச் சுண்டும் வரை கொதிக்கவிட்டால் பாகு ரெடி. காடை வேக 10 முதல் 15 நிமிடம் போதும், கடைசி 3 நிமிடத்தில் பாகு தடவுங்கள். தொட்டுச் சாப்பிடும் பாகை முதலிலேயே தனிக் கிண்ணத்தில் எடுத்துவைத்துவிடுங்கள். பச்சைக் கறியில் பட்ட பிரஷ்ஷை அதில் விடக்கூடாது.

யாராவது 'காட்டுக்காடை, ஒரிஜினல்' என்று ரகசியமாக விற்றால் வாங்காதீர்கள். ருசியில் பெரிய வித்தியாசம் இருக்கோ இல்லையோ, கேஸில் இருக்கும்.