கனகராயன் ஆறும் அதன் கரைக் குடியிருப்புகளும்

இலங்கையின் ஆறுகளைப் பற்றி எழுதுவோர் 335 கிலோமீற்றர் நீளமுடைய மகாவலியில் தொடங்கிக் களனி, மல்வத்து ஓயா என்று சென்று, வடபுலத்தை அடைந்ததும் எழுதுகோலைக் கீழே வைத்துவிடுவது வழக்கம். வவுனியாவின் வடபகுதியிலே சேமமடுவை அண்டிய காட்டு நிலங்களில் ஊற்றெடுத்து, வடக்கு நோக்கி ஏறத்தாழ 85 கிலோமீற்றர் ஓடி, ஆனையிறவுக்குக் கிழக்கே சுண்டிக்குளம் நீரேரியில் கலக்கும் கனகராயன் ஆறு அவர்களுடைய கணக்கில் ஓரிரு வரிகளுக்கு மேல் இடம் பெறுவதில்லை. ஆவணி மாதத்தில் அதனைக் கடந்து செல்பவர் அதனை ஓர் ஆறென்று ஒப்புவதற்கே தயங்குவர். அகன்ற மணற்படுக்கையும், மருத மரங்களின் நிழலில் ஆங்காங்கே தேங்கிய மடுக்களுமே கண்ணிற்படும். ஐப்பசி தொடக்கம் தை வரை பெய்யும் வடகீழ்ப் பருவமழையே இதன் உயிர். ஆயினும் வன்னிப் பெருநிலத்தின் ஆறுகளுள் இதுவே முதன்மையானது. ஓமந்தை, புளியங்குளம், கனகராயன்குளம், மாங்குளம், கிளிநொச்சி, பரந்தன் என இன்று கண்டி வீதியிற் செல்வோர் எண்ணும் ஊர்கள் பலவும் இவ்வாற்றின் வடிநிலத்தை ஒட்டியே எழுந்தன.

இவ்வடிநிலத்தின் வரலாற்றை ஆராயப் புகுவோர் ஒரு கருத்தை முதலில் எதிர்கொள்ள வேண்டியிருக்கிறது. வன்னி ஒரு வெறுநிலம், காடு மூடிக் கிடந்து பிறர் வந்து குடியேறுவதற்காகக் காத்திருந்த நிலம் என்பதே அக்கருத்து. பிரித்தானிய அதிகாரிகள் அவ்வாறு எழுதினர். யாழ்ப்பாணத்துக் கற்றோரும் அதனை ஐயமின்றி ஏற்றுக்கொண்டனர். ஆற்றின் கரையிலுள்ள ஊர்ப்பெயர்களை ஒருமுறை வாசித்தாலே இக்கருத்து எவ்வளவு தூரம் நிலைக்கும் என்பது தெரியவரும்.

குளம், மடு, மோட்டை என்பன இப்பெயர்களில் மீண்டும் மீண்டும் வருகின்ற ஈறுகள். குளம் என்பது கரை கட்டி மறித்த நீர்நிலை. மடு என்பது ஆற்றிலோ ஓடையிலோ இயல்பாக அமைந்த ஆழமான பள்ளம். மோட்டை என்பது மழைநீர் தங்கும் சிறிய தாழ்நிலம். சேமமடு, புளியங்குளம், மாங்குளம், முரசுமோட்டை ஆகிய பெயர்களை வழங்கியோர் நிலத்தின் நீர்நிலையை நுணுகிப் பார்த்து வேறுபடுத்தி அறிந்தவர்களாவர். இரணைமடு என்னும் பெயரும் அத்தகையதே. இரணை என்பது இரட்டையைக் குறிக்கும் ஈழத்து வழக்கு. இருபதாம் நூற்றாண்டின் பெருங்குளம் கட்டப்படுவதற்கு முன்பே அவ்விடத்திற்கு ஒரு பெயர் இருந்தது. பெயர் இருந்ததெனின் பெயரிட்டு அழைத்த மாந்தரும் இருந்தனர்.

அம்மாந்தரின் பழைமையை எவ்வளவு தூரம் பின்னோக்கிக் கொண்டு செல்லலாம்? செம்மண்ணும் பரற்கற்களும் கொண்ட ஒரு வகைப் படிவு இலங்கையின் உலர்வலயக் கரையோரங்களிற் பரந்து கிடக்கின்றது. தொல்லியலாளர் அதனை 'இரணைமடு உருவாக்கம்' என்ற பெயராலேயே குறிப்பிடுகின்றனர். இப்படிவுகளிலே கற்காலக் கருவிகள் கிடைத்தமையைச் சிரான் தெரணியகல போன்றோர் விரிவாக ஆராய்ந்துள்ளனர். நாட்டின் தொல்வரலாற்று ஆய்வுக்கே ஒரு கலைச்சொல்லாக அமைந்த ஊரை வெறுநிலம் என்று அழைப்பது விந்தையே. வரலாற்றுக் காலத்திற்கு வருவோமாயின், வவுனியா மாவட்டத்துப் பெரியபுளியங்குளத்திலுள்ள பிராமிக் கல்வெட்டுகளைக் குறிப்பிடல் வேண்டும். தமிழ வணிகனாகிய விசாகன் என்னும் இல்லக்கிழவனின் பெயர் அங்குள்ள குகைகளோடு தொடர்புபடுத்திப் பொறிக்கப்பட்டுள்ளது. கிறித்துவுக்கு முற்பட்ட நூற்றாண்டுகளிலே இப்பகுதி வணிக வழிகளோடு தொடர்பு கொண்டிருந்தது என்பதற்கு இது போதிய சான்றாகும்.

இடைக்காலத்து நிலையை 'வையாபாடல்', 'யாழ்ப்பாண வைபவமாலை' ஆகியவற்றின் துணைகொண்டு அறியலாம் என்பர். வன்னியர் குடிகள் வந்தேறிய கதையை இவை கூறுகின்றன. ஆனால் கதையையும் காலத்தையும் பிரித்தறிவது எளிதன்று. ஒல்லாந்தர் கால ஆவணங்கள் இவ்வகையில் உறுதியானவை. பனங்காமம், முள்ளியவளை, கருநாவற்பற்று, மேல்பற்று முதலிய பிரிவுகளை ஆண்ட வன்னியர்கள் ஒல்லாந்தருக்கு யானைகளைத் திறையாகச் செலுத்தக் கடமைப்பட்டிருந்தனர் என்பதும், அத்திறை ஆண்டுதோறும் நிலுவையிற் கிடந்தது என்பதும் அவற்றினின்று தெளிவாகும். அடங்காப்பற்று என்னும் பெயருக்கு இதனைக் காட்டிலும் நல்ல உரை வேறில்லை. வன்னிக் காடுகளிற் பிடிக்கப்பட்ட யானைகள் நீரேரியின் ஆழமற்ற பகுதியைக் கடந்து யாழ்ப்பாணத்துச் சந்தைக்குக் கொண்டு செல்லப்பட்டன. ஆனையிறவு என்ற பெயர் அந்த வாணிகத்தின் எச்சமாகும். கனகராயன் ஆற்றின் முகத்துவாரம் அவ்வாறு நெல்லுக்காகவன்றி யானைக்காகவே நெடுங்காலம் பிறருக்குத் தெரிந்திருந்தது.

1780களில் தோமஸ் நேகல் என்னும் ஒல்லாந்த அதிகாரி வன்னியர் ஆட்சியை முறியடித்து, 1793இல் வன்னியைப் பற்றி ஓர் அறிக்கையும் எழுதினான். 1803 ஆகஸ்ட் மாதத்திற் பண்டாரவன்னியன் முல்லைத்தீவுக் கோட்டையைக் கைப்பற்றியதும், அதே ஆண்டு ஒக்டோபரில் கற்சிலைமடுவில் அவன் முறியடிக்கப்பட்டதும் யாவரும் அறிந்தவை. அப்போர்களைப் பாடும் நாம், அவற்றை அடுத்து வந்த எழுபது எண்பது ஆண்டுகளைப் பற்றி அதிகம் பேசுவதில்லை. வன்னியின் உண்மையான வீழ்ச்சி அக்காலத்திலேதான் நிகழ்ந்தது. அதற்குப் பீரங்கிகள் தேவைப்படவில்லை.

1832இல் இராசகாரிய முறை ஒழிக்கப்பட்டது. கட்டாய ஊழியத்தின் ஒழிப்பு மனித உரிமை நோக்கில் வரவேற்கத்தக்கதே. ஆனால் ஊர்க்குளத்தின் அலைகரையைத் திருத்துவதற்கும் துருசைத் துப்புரவாக்குவதற்கும் எல்லாரும் கூடி உழைக்கவேண்டும் என்ற வழக்காறும் அதனுடன் சட்ட வலுவிழந்தது. ஒருவன் வராவிட்டால் அவனை வரச்செய்ய ஒருவருக்கும் அதிகாரமில்லை. தவற்றை உணர்ந்த அரசு 1856இல் நெற்காணி நீர்ப்பாசனச் சட்டத்தின் வழியாகப் பழைய ஊர் வழக்குகளுக்கு மீண்டும் இடமளித்தது. அதற்குள் ஒரு தலைமுறை கழிந்திருந்தது. 1840ஆம் ஆண்டின் முடிக்குரிய காணிச் சட்டமோ பயிரிடப்படாத நிலமும் காடும் அரசுக்குரியன என்று அனுமானித்தது. சேனை செய்து, பல ஆண்டுகள் நிலத்தை ஆறவிட்டு, மீண்டும் அங்கே திரும்பும் வன்னிக் குடியானவனுக்கு இச்சட்டத்தின்படி நிலமே இல்லாமற் போயிற்று. வெறுநிலம் என்ற கருத்து இவ்வாறு ஏட்டிலே உருவாக்கப்பட்டது என்பதே எமது துணிபு. இவற்றோடு மலேரியாக் காய்ச்சலும் பறங்கி நோயும் சேர்ந்தன. ஜே. பி. லூயிஸ் 1895இல் வெளியிட்ட வன்னி மாவட்டங்களைப் பற்றிய கைந்நூலிலே உடைந்த குளங்களையும் அருகிவந்த குடிகளையும் பற்றிய செய்திகளைக் காணலாம்.

இவ்விடத்தில் ஓர் உலகளாவிய விவாதத்தை நினைவுகூர்வது பொருத்தமாகும். காள் விட்போகல் 1957இல் வெளியிட்ட நூலில், பெரும் நீர்ப்பாசன வேலைகள் கொடுங்கோன்மை சார்ந்த மைய அரசைத் தோற்றுவிக்கும் என்று வாதிட்டார். எட்மண்ட் லீச் இலங்கையை எடுத்துக்காட்டி அதனை மறுத்தார். வன்னிக்குத் தெற்கே நுவரகலாவியவிலுள்ள புல்எளிய என்னும் சிற்றூரை ஆராய்ந்தவர் அவர். உலர்வலயத்து ஊர்க்குளங்கள் அரசனால் நிலைத்தவையல்ல, ஊராராலே பேணப்பட்டவை, ஆதலால் அரசுகள் அழிந்த பின்னும் குளங்கள் நிலைத்தன என்பது அவர் கருத்து. கனகராயன் ஆற்றின் மேற்பகுதிக்கு இக்கூற்று நன்கு பொருந்தும். அங்கே ஒரு குளத்தின் வான் பாய்ந்து அடுத்த குளத்தை நிரப்ப, அது நிரம்பிக் கீழேயுள்ள குளத்தை அடைய, இவ்வாறு தொடர்ந்து வந்த மிகைநீரே ஆறாகின்றது. ஆற்றங்கரையில் ஊர் அமைந்தது என்பதைக் காட்டிலும், ஊர்க்குளங்களின் எச்சநீர் ஆறாயிற்று என்று கூறுவதே உண்மைக்கு அணுக்கமானது. புளியங்குளத்துக்கு அண்மையிலுள்ள புதூரிலும், ஆற்றின் கீழ்ப்பகுதியைச் சார்ந்த புளியம்பொக்கணையிலும் நாகதம்பிரானே பெருந்தெய்வமாக விளங்குவதும் இத்தொடர்பில் எண்ணிப் பார்க்கத்தக்கது. குளக்கரைப் புற்றையும் ஈரநிலத்துப் பாம்பையும் அறிந்த வேளாண் மக்களின் வழிபாடு அது.

ஆற்றின் கீழ்ப்பகுதியின் கதை முற்றிலும் வேறானது. இரணைமடுவில் ஆற்றை மறிக்கும் திட்டத்தை 1880களில் ஹென்றி பாக்கர் என்னும் நீர்ப்பாசனப் பொறியியலாளர் முன்வைத்தார். பழைய இலங்கையின் குளங்களைப் பற்றி 1909இல் நூலெழுதிய அதே பாக்கர்தான். வேலை 1902இல் தொடங்கி 1920ஆம் ஆண்டளவில் நிறைவெய்தியது. இடையில் 1905இல் வடபகுதி இருப்புப்பாதை முழுமையடைந்தது. குளமும் புகைவண்டியும் ஒரே காலத்தில் வந்தமை தற்செயலன்று; விளைந்த நெல்லைக் கொண்டு செல்ல வழியின்றிக் குளத்திற்குச் செலவிட எந்தக் குடியேற்ற அரசும் முன்வராது. பின்னர் 1940களின் இறுதியிலிருந்து 1970கள் வரை குளத்தின் கொள்ளளவு படிப்படியாக உயர்த்தப்பட்டு 106,500 ஏக்கர் அடியாயிற்று. 227 சதுரமைல் பரப்பின் மழைநீர் இக்குளத்தை வந்தடைகின்றது. 20,000 ஏக்கருக்கு மேற்பட்ட வயல்கள் இதனை நம்பியுள்ளன.

குளம் வந்தது, மக்கள் உடனே வந்தாரல்லர். காய்ச்சலுக்கு அஞ்சி யாழ்ப்பாணத்தார் தயங்கினர். 1935இன் காணி அபிவிருத்திச் சட்டத்தை அடுத்து 1936இற் கிளிநொச்சிக் குடியேற்றம் உருவாயிற்று. யாழ்ப்பாணத்தின் சன நெருக்கத்தையும் வேலையின்மையையும் தணிப்பது அதன் நோக்கம். 1940களின் நடுப்பகுதியில் டி.டி.ரி. மருந்து வந்த பின்னரே குடியேற்றம் வேகங்கொண்டது. வட்டக்கச்சி, இராமநாதபுரம், தருமபுரம், விசுவமடு எனக் குடியேற்றங்கள் பரவின. 1970களில் மிளகாய், வெங்காய இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டபோது, இங்கே மேட்டுநிலப் பயிர் செய்த இளைஞர்கள் முதன்முறையாகக் கையிற் பணம் கண்டனர். பரந்தனில் 1950களில் எழுந்த இரசாயனத் தொழிற்சாலை ஆனையிறவின் உப்பைக் கொண்டு எரிசோடாவும் குளோரினும் செய்தது.

இக்குடியேற்றங்களை ஒரே வகையினவாகக் கருதுதல் கூடாது. வாய்க்காலின் தலைப்பில் காணி பெற்றோர் ஒரு வகையினர். மலையகத் தோட்டங்களில் 1973, 1974ஆம் ஆண்டுகளின் பட்டினிக்கும் 1977இன் வன்செயலுக்கும் தப்பி வந்தோர் இன்னொரு வகையினர். இவர்களுட் பலர் வாய்க்கால் எட்டாத மேட்டுநிலங்களில், காணி உறுதியின்றிக் காடு வெட்டிக் குடியமர்ந்தனர். அயலாரின் வயல்களிற் கூலி வேலையும் செய்தனர். வவுனியாவைத் தளமாகக் கொண்டு அவர்களுக்கு உதவிய காந்தீயம் இயக்கத்தின் முன்னோடிகளுள் ஒருவரான மருத்துவர் இராசசுந்தரம் 1983 யூலையில் வெலிக்கடைச் சிறையிற் கொல்லப்பட்டார். வன்னியின் குடியேற்ற வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் முதல் வகையினரோடு நின்றுவிடுகின்றனர். நெல் வரலாறு எழுதப்பட்டது. கூலி வரலாறு எழுதப்படவில்லை.

1984இல் யாழ்ப்பாண மாவட்டத்தினின்றும் பிரிந்து கிளிநொச்சி தனி மாவட்டமாயிற்று. அடுத்த இருபத்தைந்து ஆண்டுகள் போர் ஆண்டுகள். 1995இன் பேரிடப்பெயர்வில் யாழ்ப்பாணத்து மக்கள் பெருந்தொகையினராய் இவ்வாற்றின் கரைகளுக்கு வந்தனர். 1996இலும் 1998இலும் கிளிநொச்சி கைமாறியது; 2009 சனவரியில் மீண்டும் கைமாறியபோது ஆற்றின் இரு கரைகளிலும் குடிமக்கள் இல்லை. அவர்கள் கிழக்கே கடலோரத்தை நோக்கிச் சென்றிருந்தனர். எஞ்சியோர் பின்னர் செட்டிகுளத்து முகாம்களில் அடைக்கப்பட்டனர். திரும்பி வந்தோர் கண்ட வயல்களிற் காடும் கண்ணிவெடியும் இருந்தன. இடிந்த துருசுகளையும் தூர்ந்த வாய்க்கால்களையும் திருத்திய பின்னரே மீண்டும் காலபோகம் விதைக்கப்பட்டது.

இன்றைய வழக்கு நீரைப் பங்கிடுவது பற்றியது. ஆனையிறவு நீரேரியை நன்னீராக்கி, முள்ளியான் வாய்க்கால் வழியே வடமராட்சி நீரேரிக்குக் கொண்டு செல்லும் திட்டத்தை 1950களில் பொறியியலாளர் ச. ஆறுமுகம் வகுத்தார். அத்திட்டம் நம்பியிருந்ததும் பெரும்பாலும் கனகராயன் ஆற்றின் மிகைநீரையே. 1960களில் வேலைகள் தொடங்கி நிறைவெய்தாமல் நின்றன. போருக்குப் பின் இரணைமடுவிலிருந்தே குழாய் மூலம் யாழ்ப்பாணத்துக்குக் குடிநீர் கொண்டு செல்லும் திட்டம் எழுந்தபோது கிளிநொச்சி விவசாயிகள் எதிர்த்தனர். அவ்வெதிர்ப்பைப் பிரதேசவாதம் என்று இழித்துரைத்தோர் உளர். ஆனால் சிறுபோகத்தில் நீர் போதாமையால் வயலின் ஒரு பகுதியை மட்டும் பங்குமுறையில் விதைத்து வந்த விவசாயிக்கு, குளத்தில் மிகைநீர் உண்டு என்று கூறும் பொறியியற் கணக்கு எளிதில் நம்பத்தக்கதன்று. குளத்தின் நீர்மட்டம் 34 அடியிலிருந்து 36 அடிக்கு உயர்த்தப்பட்டு, கொள்ளளவு 119,500 ஏக்கர் அடியானது. புனரமைக்கப்பட்ட குளம் 2018 திசம்பர் தொடக்கத்திற் கையளிக்கப்பட்டது. இரு வாரங்களுள் பெருமழை பெய்து, வான்கதவுகள் திறக்கப்பட்டு, முரசுமோட்டை முதல் கண்டாவளை வரையிலான கீழ்நிலம் வெள்ளத்தில் மூழ்கியது. கதவுகள் உரிய வேளையில் திறக்கப்பட்டனவா என்பது விசாரணைக்குள்ளாயிற்று. யாழ்ப்பாணத்துக் குடிநீருக்கோ இறுதியில் கடல்நீரே வழியாயிற்று; தாளையடியிற் கடல்நீரை நன்னீராக்கும் நிலையம் 2024 ஆகஸ்டில் திறந்துவைக்கப்பட்டது.

இவ்வளவுக்கும் இடையில் மேற்பகுதியின் சிறுகுளங்களை எவரும் கணக்கிற் கொள்ளவில்லை. பெருங்குளத்திற்கு வரும் வெள்ளத்தின் வேகத்தை மட்டுப்படுத்துவனவும் வண்டலைத் தடுத்து நிறுத்துவனவும் அவையே. அவை தூர்ந்து, ஆற்றுப்படுக்கையின் மணலும் அள்ளப்படுமாயின், அணையை இரண்டடி உயர்த்திப் பெற்ற இடத்தை மண்ணே நிரப்பிவிடும். ஆண்டுதோறும் மாரி ஓய்ந்த பின் சிறுபோகக் கூட்டத்திற் குளத்து நீர்மட்டத்தை அளந்து, எத்தனை ஏக்கர் விதைப்பது, யாருக்கு எவ்வளவு பங்கு என்று தீர்மானிக்கின்றனர். மேற்பகுதியின் ஊர்க்குளங்களைச் சார்ந்த விவசாயிகளுக்கு அக்கூட்டத்தில் இன்னும் இருக்கை இல்லை.