பழமலையும் களிமண்ணும்: விருத்தாசலத்தில் பார்க்க என்ன இருக்கிறது?

"உங்கள் ஊரில் பார்க்க என்ன சார் இருக்கிறது?" வெளியூர் நண்பர்கள் என்னிடம் தவறாமல் கேட்கும் கேள்வி இது. அவர்களைக் குறை சொல்ல முடியாது. பெரும்பாலானவர்களுக்கு விருத்தாசலம் ஒரு ஜங்ஷன். சென்னையிலிருந்து திருச்சி போகும் கார்டு லைனும், கடலூரிலிருந்து சேலம் போகும் பாதையும் சந்திக்கிற இடம். தூக்கக் கலக்கத்தில் ரயில் ஜன்னல் வழியே பார்த்த ஒரு மஞ்சள் பலகை, ஒரு டீ, அவ்வளவுதான்.

நான் வங்கியில் வேலை பார்த்தவன். சிறுதொழில் கடன் பிரிவில் இருந்ததால் இந்த ஊரின் முன்வாசலையும் தெரியும், கொல்லைப்புறத்தையும் தெரியும். அதனால் கேட்பவர்களிடம் நான் சொல்லும் பதில் இதுதான்: காலையில் மலையைப் பாருங்கள், மாலையில் மண்ணைப் பாருங்கள். இரண்டுக்கும் நடுவில் ஒரு நாள் போதாது.

மலை எங்கே?

ஊரின் பெயரிலேயே மலை இருக்கிறது. விருத்தம் என்றால் பழமை, அசலம் என்றால் மலை. தேவாரம் பாடியவர்கள் முதுகுன்றம் என்றார்கள். பழமலை என்றும் சொல்வதுண்டு. ஆனால் வந்து இறங்கினால் கண்ணுக்கு எட்டிய தூரத்தில் ஒரு குன்றும் கிடையாது. பிரம்மன் மற்ற மலைகளைப் படைக்கும் முன்பே சிவபெருமான் இங்கே மலையாக நின்றார், அந்த மலையே இன்று மண்ணுக்குள் இருக்கிறது என்பது தலபுராணம்.

பழமலைநாதர் கோயிலில் எல்லாம் ஐந்து ஐந்து. ஐந்து கோபுரம், ஐந்து கொடிமரம், ஐந்து தேர் என்று நம் பாட்டிமார் விரல் விட்டு எண்ணுவார்கள். குழந்தைகளை அழைத்து வந்தால் ஆழத்துப் பிள்ளையாரிடம் கூட்டிப் போங்கள். மற்ற ஊர்களில் பிள்ளையாரைப் பார்க்க மலை ஏற வேண்டும். இங்கே படியிறங்க வேண்டும். பெரியநாயகி அம்மன் ஒருபுறம், இளையநாயகி ஒருபுறம் என்று அம்மனுக்கே இரண்டு வயது இருக்கிற கோயில் இது. "காசிக்கு வீசம் அதிகம்" என்று நம் ஊர்க்காரர்கள் பெருமை பேசுவது உங்களுக்குத் தெரிந்ததுதான். வீசம் என்றால் பதினாறில் ஒரு பங்கு. பெருமையிலும் அளவு தவறாத ஊர்!

செங்கல்லால் இருந்த பல சோழநாட்டுக் கோயில்களைக் கருங்கல்லில் எடுத்துக் கட்டியவர் செம்பியன் மாதேவி. கண்டராதித்த சோழரின் மனைவி, உத்தம சோழரின் தாய். 10ஆம் நூற்றாண்டில் அவர் கை பட்ட கோயில்களில் நம் கோயிலும் ஒன்று.

எனக்கு இந்தக் கோயிலில் மிகவும் பிடித்த இடம் வன்னி மரத்தடி. கோயில் திருப்பணி நடந்தபோது விபசித்து முனிவர் தொழிலாளர்களுக்குக் கூலியாக வன்னி இலைகளைக் கொடுத்தாராம். அவரவர் எவ்வளவு உழைத்தார்களோ அந்த அளவுக்கு இலை காசாக மாறியதாம். கோயில் கட்டிய கதைகளில் அரசன் வருவான், கனவு வரும், அசரீரி வரும். கூலி ஒழுங்காகப் போய்ச் சேர்ந்ததா என்று கவலைப்பட்ட கதை எனக்குத் தெரிந்து இது ஒன்றுதான்.

சுந்தரர் கதையும் கணக்கு வழக்குள்ள கதைதான். இங்கே இறைவனிடம் 12,000 பொன் பெற்று, அதை மணிமுத்தாற்றில் போட்டுவிட்டு, திருவாரூர்க் குளத்தில் போய் எடுத்தார். "ஆற்றில் போட்டுவிட்டுக் குளத்தில் தேடுவது" என்று இன்றும் சொல்கிறோமே, அந்தக் கதை. பலரும் கவனிக்காத ஒரு விவரம் உண்டு. ஆற்றில் போடும் முன், பின்னால் ஒப்பிட்டுப் பார்ப்பதற்காகப் பொன்னில் ஒரு துண்டை வெட்டிக் கையில் வைத்துக்கொண்டார் என்கிறது பெரியபுராணம். கடவுள் கொடுத்த பொன்னுக்கே மாதிரி எடுத்து வைத்த மனிதர்! கடன் பிரிவில் இருந்த எனக்கு அவர்மேல் தனி மரியாதை.

திரும்பி வந்த அர்த்தநாரி

உயர்ந்த மதில் இருந்ததால் கர்நாடகப் போர்க் காலத்தில் இந்தக் கோயில் கோட்டையாகவும் பயன்பட்டது. 1751இல் ராபர்ட் கிளைவும், பின்னாளில் சென்னை கவர்னரான பிகட்டும் ஒரு படைப்பிரிவோடு இங்கே வந்தார்கள். சொற்பக் காவலோடு திரும்பும் வழியில் பாளையக்காரர்களின் ஆட்கள் மடக்கினார்கள். குதிரை வேகமாக ஓடியதால் இருவரும் பிழைத்தார்கள். அதே ஆண்டில்தான் கிளைவ் ஆற்காட்டைப் பிடித்தார். அன்று குதிரை இடறியிருந்தால் என்னவாகியிருக்கும் என்று நாம் நம் விருப்பத்துக்குக் கற்பனை செய்துகொள்ளலாம்.

போர்க்காலத்தில் தப்பிய கோயில் நம் காலத்தில் தப்பவில்லை. இங்கிருந்த அர்த்தநாரீஸ்வரர் கற்சிலை திருடுபோய், நியூயார்க் கலைப்பொருள் வணிகர் சுபாஷ் கபூர் வழியாக ஆஸ்திரேலியாவுக்குப் போய்ச் சேர்ந்தது. 2004இல் அதை வாங்கியது நியூ சவுத் வேல்ஸ் கலைக்கூடம். 2014 செப்டம்பரில் டெல்லி வந்த ஆஸ்திரேலியப் பிரதமர் டோனி அபட் அதைத் திருப்பி ஒப்படைத்தார்.

எப்படித் திரும்பியது? புதுச்சேரியில் உள்ள பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தார் பல ஆண்டுகளுக்கு முன் ஊர் ஊராகப் போய்க் கோயில் சிலைகளைப் படம் எடுத்து வைத்திருந்தார்கள். நம் கோயிலுக்கும் வந்து எடுத்திருந்தார்கள். அந்தப் படம் இருந்ததால்தான் "இது எங்கள் ஊர்ச் சிலை" என்று உலகத்தின் முன் காட்ட முடிந்தது. சுந்தரர் வெட்டி வைத்துக்கொண்ட துண்டுப் பொன் போல. படம் மட்டும் இல்லையென்றால் நம் பேச்சை யார் கேட்டிருப்பார்கள்?

சந்தையும் பிராதும்

கோயிலை விட்டு வெளியே வந்தால் இது ஒரு சந்தை ஊர். ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்துக்குப் போய்ப் பாருங்கள். மணிலாவும் எள்ளும் உளுந்தும் நெல்லும் குவியல் குவியலாகக் கிடக்கும். வியாபாரிகள் விலையைச் சீட்டில் எழுதிப் போடுவார்கள். யார் என்ன எழுதினார் என்று மற்றவருக்குத் தெரியாது. விலை படிக்கும்போது விவசாயியின் முகத்தைப் பார்த்தால் அந்த வருஷம் மழை எப்படி என்று தெரிந்துவிடும். இங்குள்ள வேளாண் ஆராய்ச்சி நிலையம் தந்த வி.ஆர்.ஐ. வகை மணிலாவும் முந்திரியும் பல ஊர் நிலங்களில் விளைகின்றன. அந்த எழுத்துகளில் ஒளிந்திருப்பது நம் ஊர்ப் பெயர்.

பக்கத்திலேயே மணவாளநல்லூரில் கொளஞ்சியப்பர். அங்கே முருகனுக்கு உருவம் கிடையாது, பீடம்தான். குறையுள்ளவர்கள் அதைத் தாளில் எழுதிப் பிராது கட்டுவார்கள். ஊரிலிருந்து கோயிலுக்கு எத்தனை கிலோமீட்டர் என்று கணக்குப் பார்த்துப் படிப்பணம் கட்ட வேண்டும். குறை தீர்ந்தால் சும்மா இருக்கக் கூடாது. வந்து பிராதை ராஜினாமா செய்ய வேண்டும். சாமியிடம் போனாலும் எழுத்தில் கொடு என்பது நம் ஊர் வழக்கம்.

மாலையில் மண்

இனி மண்ணுக்கு வருகிறேன். நம் ஊரை "பீங்கான் ஊர்" என்று மற்றவர்கள் சொன்ன காலம் ஒன்று இருந்தது. சுற்றுவட்டாரத்தில் நல்ல களிமண். நெய்வேலியில் பழுப்பு நிலக்கரிக்காகத் தோண்டிய சுரங்கத்தில் மேலே கிடந்ததிலும் பீங்கானுக்கு ஏற்ற வெண்களி கிடைத்தது. ரயில் நாலு திசைக்கும் போகிறது. அரசு செராமிக் தொழிற்பேட்டை வந்தது. செராமிக் தொழில்நுட்பத்துக்கென்றே டிப்ளமா சொல்லிக் கொடுக்கும் நிறுவனமும் வந்தது. தமிழ்நாட்டின் எத்தனையோ வீடுகளில் மின்சார மீட்டருக்குப் பக்கத்தில் வெள்ளை ஃபியூஸ் கட்டை இருந்ததே, ஃபியூஸ் போனால் அப்பா கம்பி சுற்றி மாட்டுவாரே, அதைச் செய்த ஊர்களில் நம் ஊரும் ஒன்று.

ஃபியூஸ் கட்டையைச் செய்வது வேறு, பொம்மை செய்வது வேறு. ஃபியூஸ் கட்டைக்கு லேசான ஈரமுள்ள மண்பொடியை இரும்பு அச்சில் கொட்டி, திருகு பிரஸ்ஸில் அழுத்தி எடுப்பார்கள். பொம்மைக்குக் களிமண்ணையும் ஃபெல்ஸ்பார், குவார்ட்ஸ் கல்மாவையும் தண்ணீரில் கூழாகக் கரைத்து, கொஞ்சம் சோடியம் சிலிகேட் சேர்ப்பார்கள். தண்ணீர் குறைவாக இருந்தாலும் கூழ் ஓடுவதற்கு அது. பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் அச்சில் ஊற்றினால் அச்சு தண்ணீரை உறிஞ்சும், ஓரத்தில் மண் தோலாகப் படியும். தோல் போதுமான கனம் வந்ததும் மிச்சக் கூழைக் கவிழ்த்துவிடுவார்கள். அந்த நேரம் எது என்பதுதான் வித்தை. முந்தினால் பிள்ளையாரின் காது கிழியும், பிந்தினால் கனமாகிக் காயும்போது விரியும். கடிகாரம் பார்த்து யாரும் கவிழ்த்து நான் கண்டதில்லை.

சுடும்போது மண் சுருங்கும். அதனால் அச்சை முதலிலேயே பெரிதாகச் செய்ய வேண்டும். ஃபியூஸ் கட்டையில் ஓட்டை கொஞ்சம் விலகினாலும் திருகு ஏறாது, மொத்தச் சரக்கும் திரும்பி வரும். 1,200 டிகிரிச் சூட்டில் எவ்வளவு சுருங்கும் என்பதை மண்ணைக் கையில் பிசைந்தே சொல்லும் ஆட்கள் இங்கே இருந்தார்கள். கடன் ஆய்வுக்குப் போன ஒரு பட்டறையில் பொம்மைகளுக்குப் பிசிறு நீக்கிக்கொண்டிருந்த அம்மாள் சொன்னார்: "ஈரத்தோட அவசரப்பட்டு சூளையில வச்சா, மண்ணு நம்மளப் பழி வாங்கிடும் சார்." எங்கள் கடன் விதிப் புத்தகத்தில் மழைக்காலத்துக்குத் தனிப் பத்தி கிடையாது. அந்த அம்மாளுக்கு ஐப்பசி, கார்த்திகை முழுக்கவே தனிப் பத்திதான்.

பிறகு எம்.சி.பி. சுவிட்ச் வந்தது. வீடுகளிலிருந்து ஃபியூஸ் கட்டை மறைந்தது. இயந்திரத்தில் செய்த மலிவான இறக்குமதிப் பொம்மைகள் கடைகளை நிரப்பின. எரிபொருள் விலை ஏறியது. ஒவ்வொன்றாகச் சூளைகள் ஆறின. எல்லாமே போய்விடவில்லை. அகல் விளக்கும் கொலு பொம்மையும் இன்னும் நடக்கின்றன. ஆனால் இரும்பு அச்சு பிடித்த கைகள் பல இப்போது இல்லை.

இங்கிலாந்தில் ஒரு சந்தை ஊர்

இங்கிலாந்தில் பர்ஸ்லம் என்று ஒரு சந்தை ஊர். உலகப் புகழ்பெற்ற பீங்கான் வணிகர் ஜோசையா வெட்ஜ்வுட் 1730இல் பிறந்த ஊர். 1910இல் அதையும் பக்கத்து ஊர்கள் ஐந்தையும் ஒன்றாக்கி ஸ்டோக்-ஆன்-டிரெண்ட் என்று பெயரிட்டார்கள். பாட்டில் வடிவத்தில் நிற்கும் நிலக்கரிச் சூளைகள் அங்கே வீட்டுக்கு வீடு இருந்த காலம் உண்டு. 1956இல் தூய காற்றுச் சட்டம் வந்தபின் அவை ஆறின. பல இடிக்கப்பட்டன.

மிஞ்சியவற்றை அவர்கள் காப்பாற்றினார்கள். லாங்டன் என்ற பகுதியில் மூடிய பட்டறையையே அருங்காட்சியகமாக்கினார்கள். அதைவிட ஒரு காரியம் எனக்குப் பெரிதாகப் படுகிறது. 1978இல், சூளை வைக்கத் தெரிந்த முதியவர்கள் உயிரோடு இருக்கும்போதே, ஒரு பழைய சூளையைக் கடைசித் தடவையாக அடுக்கிப் பற்ற வைத்தார்கள். எப்படி அடுக்குவது, எப்போது கரி போடுவது, எப்போது நிறுத்துவது என்று எல்லாவற்றையும் படம் பிடித்தார்கள். இன்று அந்த ஊருக்குப் போகிறவர்கள் பார்க்கப் போவது இதைத்தான்.

நம் ஊரில் இதற்குக் கோடிக்கணக்கில் பணம் வேண்டாம். ஒரு ஆறிய சூளை, நாலு அச்சு, ஒரு திருகு பிரஸ், ஒரு மரப்பெட்டி நிறையப் பழைய ஃபியூஸ் கட்டை. இதை ஒரு அறையில் வைத்து, வேலை தெரிந்த ஒருவரைப் பேசச் சொல்லிப் பதிவு செய்தால் போதும். கல்லில் செய்த சாமி ஆயிரம் வருஷம் தாங்கியும் ஒரு புகைப்படம் இருந்ததால்தான் திரும்பி வந்தது. கைவேலைக்குக் கல்லின் ஆயுள்கூடக் கிடையாது. அந்தக் கை போனால் அதுவும் போயிற்று.

நண்பர்களே, உங்களில் பலர் தொழிற்பேட்டையில் வேலை பார்த்தவர்கள், அல்லது அங்கே வேலை பார்த்தவர்களின் பிள்ளைகள். பரணில் பழைய புகைப்படம், கூலிச் சீட்டு, உடைந்த அச்சு எது இருந்தாலும் எடைக்குப் போட்டுவிடாதீர்கள். பின்பக்கத்தில் யார், எந்த வருஷம் என்று பென்சிலால் எழுதி வையுங்கள். பெரியவர்கள் இருந்தால் பேரப்பிள்ளைகளின் போனில் பத்து நிமிஷம் பேச வையுங்கள்.

வெளியூரிலிருந்து வருகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. மாசி மகத்துக்கு வந்தால் மணிமுத்தாற்றங்கரையில் ஊரே இருக்கும், நல்லது. கார்த்திகைக்கு முந்தைய வாரங்களில் வந்தால் இன்னும் நல்லது. விளக்குச் சூளைகள் எரிகிற நேரம் அது. பட்டறை வாசலில் நின்று கேட்டால் அச்சைக் கவிழ்ப்பதைக் காட்டுவார்கள். திரும்பும்போது ஒரு டஜன் அகல் வாங்குங்கள். விலையைக் குறைத்துக் கேட்காதீர்கள். வன்னி இலை அவரவர் உழைப்புக்குத் தக்கபடி காசான ஊர் இது.